பட்டறைச் சத்தம் என்று நினைத்திருந்தேன்

மூன்று வருடங்களாக எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் யாரோ பட்டறை நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்கெல்லாம் தொடங்கிவிடும். டொக்… டொக்… டொக்… சின்னச் சுத்தியலால் செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல, ஒரே சீராக, நிறுத்தாமல். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, மீட்டிங்குகளுக்கு நடுவில் இந்தச் சத்தம் வந்து எரிச்சலைக் கிளப்பியது. ஒருநாள் கீழே இறங்கிப்போய்க் காவலாளி அண்ணனிடம் புகாராகவே சொன்னேன்.

“பின்னாடி பட்டறையா? காலி மனைதானே மேடம் இருக்கு,” என்றார்.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் அப்போது அந்தப் பக்கம் வந்தாள். “ஆன்ட்டி, போனைக் கொடுங்க,” என்று வாங்கி ஒரு செயலியை இறக்கினாள். மறுநாள் காலை சத்தம் வந்ததும் அதைத் திறந்து பால்கனியில் நீட்டச் சொன்னாள். நீட்டினேன். திரையில் சின்னச் சின்னக் கோடுகள் ஓடின. பிறகு ஒரு பறவையின் படம் வந்து நின்றது. தமிழில் செம்மார்புக் குக்குறுவான். ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருளே ‘செம்புக் கொல்லன்’தான். பட்டறை என்று நான் நினைத்தது அப்படியொன்றும் பெரிய தப்பில்லை.

பெயர் தெரிந்துவிட்டது, ஆளைப் பார்க்க மேலும் நான்கு காலைகள் பிடித்தன. இலை நிறத்தில், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் தடித்த உருவம். நெற்றியிலும் மார்பிலும் சிவப்புத் திட்டு, கண்ணைச் சுற்றி மஞ்சள். இவ்வளவு வண்ணத்தை வைத்துக்கொண்டு கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்று கேட்கத் தோன்றும். அது கூப்பிடும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். அதனால் சத்தம் இடம் மாறி மாறி வருவது போல இருக்கும். அலகையும் திறக்காது, தொண்டைதான் ஒவ்வொரு ‘டொக்’குக்கும் உப்பி வற்றும். நானோ வாய் திறக்கிற பறவையைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில், காலி மனை ஓரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில், இலையே இல்லாத ஒரு பட்ட கிளையில், வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த நான்கு காலைகளில் நான் வேறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன் என்பது மட்டும் உறைத்தது. அன்று இரவு போனில் திரை நேரக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். கணினியைச் சேர்க்காமலே ஐந்து மணி நேரம். வெளியில் இருந்தது? குப்பை கொட்டப் போனதையும் சேர்த்தால் இருபது நிமிடம்.

‘போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போ’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது நடக்காது. வெளியே போய் என்ன செய்வது என்றே தெரியாது. எல்லாம் பச்சையாக, எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போய் மறுபடி போனையே எடுப்போம். போன் இங்கே தரகர் மாதிரி. ஆளைக் காட்டிவிட்டுத் தள்ளி நிற்கத் தெரிந்த தரகர் என்றால் நல்லது. நடுவிலேயே உட்கார்ந்துகொண்டால்தான் தொல்லை. எனக்கு இரண்டும் நடந்தது.

யாராவது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், படத்திலிருந்து வேண்டாம், சத்தத்திலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். நகரத்தில் பறவையைப் படம் பிடிக்க நல்ல கேமரா வேண்டும். சாதாரணப் போனில் எடுத்தால் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான் கிடைக்கும். காது அப்படியில்லை. கட்டிலில் படுத்தபடியே கேட்கலாம். நான் பயன்படுத்திய மெர்லின் செயலி அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினுடையது. சத்தத்தை வைத்துப் பறவையைச் சொல்லும் வசதி அதில் 2021இல்தான் வந்தது. அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்துப்போனது. ஒலியை முதலில் படமாக மாற்றுகிறது. இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. ஒவ்வொரு பறவையின் கூப்பாடும் அந்தப் படத்தில் ஒரு கையெழுத்து போல விழும். பல்லாயிரம் பதிவுகளைப் பார்த்துப் பழகிய கணினி அந்தக் கையெழுத்தை வாசிக்கிறது. குக்குறுவானுடையது வரிசையாக வைத்த புள்ளிகள். குயிலுடையது ஏணி மாதிரி படிப்படியாக மேலே ஏறும். ஒரு மாதம் போனதும், செயலி பெயர் சொல்வதற்கு முன்பே கோட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்தது. இன்னொரு மாதத்தில் கோடும் வேண்டியிருக்கவில்லை.

உங்கள் பகுதிக்கான தொகுப்பை முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே அது ஓடும். அதனால் நான் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவேன். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பறவைக்காக எடுத்த போனில் அலுவலகக் குறுஞ்செய்தி வந்து விழுந்தால் அந்தக் காலை அதோடு போச்சு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த வகைச் செயலிகள் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் முயன்ற செயலிகளில் ஒன்று, அணில் கத்தியதற்கு எங்கோ மலைக்காட்டில் இருக்க வேண்டிய பறவையின் பெயரைக் காட்டியது. பின்னால் போகிற வண்டியின் ‘பீப் பீப்’புக்கும் ஒரு பெயர் வைத்தது. பறவைகளை மட்டுமே கற்றுக்கொடுத்த கணினிக்கு உலகமே பறவையாகத்தான் தெரியும்போல. விசித்திரமான பெயர் எதாவது வந்தால், கண்ணால் பார்க்கும்வரை குறித்துக்கொள்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இனி, தரகர் நடுவில் உட்கார்ந்த கதை.

முதல் இரண்டு மாதத்தில் எனக்கு எண்ணிக்கைப் பைத்தியம் பிடித்தது. பட்டியலில் பெயர் ஏற ஏற ஒரு போதை. 30 ஆனது, 40 ஆனது. புதிதாக ஒன்று வராத நாள் வீணான நாள் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒருநாள் மாலை மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பையன் மேலே கைகாட்டி, “அந்த மைனா என்ன ஆன்ட்டி பண்ணுது?” என்று கேட்டான். மைனா என் பட்டியலில் முதல் வாரமே ஏறிவிட்டது. அது என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மரப்பொந்துக்குள் வைக்கோல், நூல், பிளாஸ்டிக் தாள் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்ததை இன்னொன்று வெளியே தள்ளியது. அரை மணி நேரம் போனது தெரியவில்லை. பட்டியலில் ஒன்றும் கூடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் போன் பையில். அப்புறம் ஐந்து நிமிடம் பதிவு. அதன் பிறகு மறுபடி பையில். இடத்தையும் மாற்றுவதில்லை. அதே மரம், அதே திண்டு. புது இடம் தேடிப் போகும்போது கிடைப்பது கண்காட்சி. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான், நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்பது தெரியும்.

இன்னொன்று, காகத்தையும் புறாவையும் விட்டுவிடாமல் குறிப்பது. இ-பேர்ட் என்று ஒரு தளம் இருக்கிறது. 2002இல் தொடங்கியது, உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் கணக்கு எழுதும் பேரேடு. அதில் பட்டியல் போடும்போது, ‘பார்த்து அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா?’ என்று ஒரு கேள்வி வரும். ஆரம்பத்தில் எனக்கு அது வெறும் சடங்காகத் தோன்றியது. யோசித்தால்தான் புரிகிறது, எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான் எழுதாதது அங்கே இல்லை என்று ஆகும். சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். அது கூட்டம் கூட்டமாக இருந்த காலத்தில் ஒரு பொருட்டாக மதித்து எண்ணி வைத்தவர்கள் எத்தனை பேர்? சாதாரணத்தை எண்ணுவதில்தான் பயன் அதிகம். பதினைந்து நிமிடம் போதும்.

ஆந்தை விஷயத்தில் நான் செய்தது வேறு மாதிரித் தப்பு. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அதே தூங்குமூஞ்சி மரத்தின் பொந்தில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தைகள் இருந்தன. கைப்பிடி அளவு உடம்பு, அதில் பாதி கண்ணோ என்று தோன்றும் முகம். பார்த்த சந்தோஷத்தில் படமெடுத்து, எந்த மரம், எந்தப் பொந்து என்று அம்புக்குறி போட்டு, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று மாலை மரத்தடியில் இருபது பேர். போன் விளக்குகள் மின்னின. ஒருவர் யூடியூபில் ஆந்தைச் சத்தத்தைத் தேடி எடுத்து உரக்கப் போட்டார். ஆந்தை வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அது தன் இடத்தில் வேறு ஆந்தை நுழைந்துவிட்டது என்று பதறி வந்திருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கூத்து மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் பொந்து காலி.

இரண்டு மாதம் கழித்து மனையின் அடுத்த ஓரத்திலிருந்து அந்தக் கீச்சுக் குரல் கேட்டது. அதே ஜோடிதானா என்று தெரியாது. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

கூடு, பொந்து, இரவில் அடையும் இடம் ஆகியவற்றின் இருப்பிடத்தைப் பொதுவில் போடாதீர்கள். பதிவு செய்த குரலைப் பறவைக்கே போட்டுக் காட்டாதீர்கள், அதிலும் கூடு கட்டும் காலத்தில் கூடவே கூடாது. எல்லைக்குச் சண்டை போட வந்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது இழக்கும். ஃபிளாஷும் அப்படித்தான். இந்த மூன்றையும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதில் நம் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு ஒரே பால்கனியிலிருந்து பதிவு போட்டால், நம் வீடு எது, எப்போது இருப்போம் என்பதை ஊருக்கே சொல்கிறோம். உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், சுமார் 20 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். அழியும் நிலையில் உள்ள உயிர்களுக்கு அந்தத் தளம் தானாகவே இதைச் செய்துவிடுகிறது. வீட்டிலிருந்து போடுவதை எல்லாம் இப்போது நான் மங்கலாக்கித்தான் போடுகிறேன்.

ஐநேச்சுரலிஸ்டை எனக்குச் செடிகள் வழியாகத்தான் பழக்கம். 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று மாணவர்கள் முதுகலைப் படிப்புக்கான திட்டமாக ஆரம்பித்தது அது. செடி, பூச்சி, காளான், பல்லி என எதையும் படமெடுத்துப் போடலாம். கணினி ஒரு யூகம் சொல்லும். அப்புறம் மனிதர்கள் வந்து பார்த்துச் சரி என்றோ தவறு என்றோ சொல்வார்கள். நாள், இடம், படம் எல்லாம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரப் பதிவாகும். குறைந்தது இரண்டு பேராவது ஒத்துப்போக வேண்டும். என் பால்கனித் தொட்டியில் தானாக முளைத்த ஒரு களைக்கு, முகம் தெரியாத யாரோ ஒருவர் நள்ளிரவில் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே நமக்குத் தெரிவதில்லை!

அம்மா வந்து தங்கியிருந்த மூன்று வாரத்தில் இந்த விளையாட்டு வேறு மாதிரி ஆனது. நடைபாதை ஓரத்தில் நான் ஒவ்வொரு செடியாகப் படமெடுத்துக்கொண்டே வந்தேன். செயலி ‘அகாலிஃபா இண்டிகா’ என்றது.

“என்னது?” என்றார் அம்மா.

திரும்பச் சொன்னேன்.

“குப்பைமேனியை எதுக்குடி இப்படி வாய்க்குள்ள நுழையாத பேர் சொல்ற? பூனைவணங்கின்னும் சொல்லுவாங்க.”

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் காவலாளி அறைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே சுற்றும் பூனை வந்து முகர்ந்தது, வேரில் முகத்தைத் தேய்த்தது, அதன் மேலேயே புரண்டது. செயலிக்கு லத்தீன் பெயர் தெரியும், குடும்பம் தெரியும், உலகில் எங்கெல்லாம் வளர்கிறது என்று வரைபடமும் தெரியும். பூனையை அழைத்து வந்து காட்டத் தெரியாது.

அன்றிலிருந்து அம்மாவின் குரலைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். கீழாநெல்லிக்கு அந்தப் பெயர் வந்தது இலைக்காம்பின் கீழே நெல்லி மாதிரிக் குட்டிக் காய்கள் வரிசையாகத் தொங்குவதால். மழை மூடமிட்டாலும் மாலையானாலும் இலையை மூடிக்கொள்வதால் அது தூங்குமூஞ்சி. வெட்டுக்காயப் பூண்டைக் காட்டி, “இது நம்ம ஊர்ச் செடிதான்,” என்றார் அம்மா. செயலி அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியது என்று காட்டியது. தூங்குமூஞ்சியும் அங்கிருந்து வந்ததுதான். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “வந்து இத்தனை நாள் ஆச்சுல்ல? இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். வந்தேறிச் செடிகளைப் பற்றிச் சூழலியலாளர்கள் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

இந்த மொத்த அனுபவத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட தொழில்நுட்பம் எது என்று கேட்டால், செயற்கை நுண்ணறிவைச் சொல்ல மாட்டேன். போனோடு சேர்ந்தே வரும் அந்தச் சாதாரணக் குரல் பதிவைத்தான் சொல்வேன். உங்கள் வீட்டில் செடியின் பெயர் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே ஒரு நடை கூட்டிப்போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.

படமெடுப்பதைப் பற்றி அம்மாவே ஒரு பாடம் எடுத்தார். ஒருமுறை செயலி ஒன்று ஒரு செடிக்குச் சம்பந்தமே இல்லாத பெயரைச் சொன்னது. நான் சலித்துக்கொண்டேன். “பூவும் காட்டாம காயும் காட்டாம ஒத்தை இலையை மட்டும் காட்டினா நானே தப்பாச் சொல்லுவேன். அது பாவம், மெஷினு,” என்றார். அதன் பிறகு ஒரு செடிக்கு ஐந்து படங்கள் எடுக்கிறேன். முழுச் செடி, இலையின் இரண்டு பக்கங்கள், பூ, காய். மரம் என்றால் பட்டையும். அளவு தெரிய விரலை அருகில் வைப்பேன். பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் மேல்பக்கம் ஒன்று, மடித்து உட்காரும்போது தெரியும் அடிப்பக்கம் ஒன்று. தொட்டியில் நாமே வைத்த செடியைப் போட்டால் அது வளர்ப்புச் செடி என்று மறக்காமல் குறிக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பால்கனி ரோஜா காட்டு ரோஜாவாகக் கணக்கில் ஏறிவிடும்.

குழந்தைகளிடம் கொடுப்பதானால் சீக் செயலி மேல். ஐநேச்சுரலிஸ்ட் குழுவே செய்தது. கணக்குத் தொடங்க வேண்டாம், படத்தை எங்கும் பதிவேற்றாது, கேமராவை நீட்டினால் அங்கேயே பெயர் சொல்லும்.

குடியிருப்பில் எல்லோரையும் இழுக்க வேண்டும் என்று ஒரு பேராசை வந்தது. வளாகத்தில் 14 மரங்கள். ஒவ்வொன்றுக்கும் க்யூஆர் பலகை செய்தோம். ஸ்கேன் செய்தால் மரத்தின் பெயர், அறிவியல் பெயர், பூர்விகம் எல்லாம் வரும். முதல் வாரம் பிள்ளைகள் ஓடி ஓடி ஸ்கேன் செய்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவரும் இல்லை. தகவல் யாருக்கு வேண்டும்? வேண்டுமென்றால் வீட்டிலேயே தேடிக்கொள்வார்களே.

அப்போதுதான் மெல்போர்ன் நகரத்தில் நடந்ததைப் படித்தேன். 2013இல் அந்த மாநகர நிர்வாகம் தன் மரங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் முகவரியும் வைத்தது. கிளை முறிந்தால், நோய் வந்தால் மக்கள் தெரிவிக்கட்டும் என்பதுதான் எண்ணம். மக்களோ மரங்களுக்குக் காதல் கடிதம் எழுதினார்கள். தினமும் கடந்துபோகும் மரத்திடம் நலம் விசாரித்தார்கள். புகார்ப் பெட்டி வைத்த இடத்தில் அஞ்சல் பெட்டி முளைத்துவிட்டது.

சரி என்று நாங்களும் மாற்றினோம். ஸ்கேன் செய்தால் இப்போது ஒரே ஒரு கேள்வி வரும்: ‘இன்று இந்த மரத்தில் என்ன பார்த்தீர்கள்?’ கீழே ஒரு கட்டம், அதில் எழுதலாம். முதல் நாள் ஒரு குழந்தை, ‘எறும்பு மேலே போகுது, அதே எறும்பு கீழே வருது,’ என்று எழுதியது. ஓய்வு பெற்ற ஒருவர், ‘இலை உதிர்ந்துவிட்டது, என் தலை மாதிரி,’ என்று எழுதினார். இன்றுவரை அந்தப் பட்டியல் நின்றதில்லை. பலகையை ஆணி அடித்து மாட்டாதீர்கள். நாங்கள் முதலில் அந்தத் தப்பையும் செய்தோம். ஆணி அடித்த காயத்தின் வழியாகப் பூசணமும் பூச்சியும் உள்ளே போகும். தளர்வான கயிறு போதும், மரம் பருக்கப் பருக்க அதையும் தளர்த்திவிட வேண்டும்.

வௌவால் இரவைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் கத்திக்கொண்டேதான் பறக்கும், நமக்குக் கேட்காது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், அதுவும் இளம் வயதில். போன் ஒலியைப் பதிவு செய்யும்போது வழக்கமாக நொடிக்கு 48,000 முறை அளக்கும். அந்த வேகத்தில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகாது. வௌவால்களில் பல 40, 50 என்று அதற்கும் மேலே கத்துகின்றன. எனவே ‘போனிலேயே வௌவாலைக் கேட்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சத்தத்தை நம் காதுக்குக் கேட்கும்படி மாற்றித் தரும் தனிக் கருவி வேண்டும். நண்பர் ஒருவரிடம் கைக்கு அடக்கமான ஒன்றை இரவல் வாங்கி மொட்டை மாடிக்குப் போனோம். எட்டுப் பிள்ளைகள், நான்கு பெரியவர்கள். குமிழை 45 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பினேன். இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் பெட்டிக்குள்ளிருந்து ‘டப் டப் டப்’ என்று மழைத்துளி விழுவது போலச் சத்தம். சட்டென அது வேகமெடுத்து ‘டர்ர்ர்ர்’ என்று இழுத்து நின்றது. “என்ன ஆன்ட்டி, ரிப்பேரா?” என்றான் ஒருவன். இல்லை, இரையை நெருங்கிப் பிடிக்கப் பார்த்த சத்தம் அது. கிட்டே போகப் போக அது அடிக்கடி கத்தி இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கும். ஒவ்வொரு ‘டர்ர்ர்’ருக்கும் பிள்ளைகள் “ஒரு கொசு காலி!” என்று கத்தினார்கள். கொசுவா அந்துப்பூச்சியா என்று யார் கண்டது? பிறகு பெரிய பழந்தின்னி வௌவால் ஒன்று நிலா வெளிச்சத்தில் சாவதானமாகக் கடந்து போனது. கருவி மௌனம். அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் போகிற ஜாதி.

அந்துப்பூச்சிகளை வரவழைத்துப் பார்க்க வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டதும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கை விடாதீர்கள், முடிந்ததும் துணியை மெதுவாக உதறிவிட்டு அணையுங்கள். எங்கள் துணியில் பல்லிகளுக்குத்தான் நல்ல வேட்டை.

இதனால் எல்லாம் உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கையோடு இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் என்றாலும் பிய்த்துப் பிய்த்து என்றாலும் பலன் ஒன்றுதானாம். ஆரோக்கியமானவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் மிச்சம் இருக்கிறது. எப்படியோ, நாளைக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம். என் தூக்கம் மேம்பட்டது. அது மரத்தாலா, ஆறரைக்கு எழுந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு ஆபத்து வந்தபோதுதான் இந்தப் பதிவுகளின் இன்னொரு பயன் தெரிந்தது. பட்ட கிளைகள் விழுந்து வண்டிகள் சேதமாகும், எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு வந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். நான் “பாவம் பறவைகள்” என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எட்டு மாதப் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோனேன். எந்தத் தேதியில் குக்குறுவான் பட்ட கிளையின் அடிப்பக்கம் துளை போட ஆரம்பித்தது, எப்போது இரை கொண்டுபோனது, எப்போது குஞ்சு தலை நீட்டியது என எல்லாம் நாள், நேரத்தோடு. அது பொதுவாகப் பச்சைக் கிளையில் துளை போடாது, பட்ட கிளைதான் அதற்கு வீடு என்று விளக்கினேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில், வண்டி நிறுத்தும் பக்கம் நீளும் கிளைகளை மட்டும், அதுவும் கூடு காலியான பிறகு வெட்டுவது என்று முடிவானது. மனைப் பக்கம் நீளும் கிளை அப்படியே இருக்கிறது.

போன வாரம் மீட்டிங்கில் வேறொரு ஊரிலிருக்கும் சக ஊழியர் கேட்டார், “உங்க பக்கம் ஏதோ தட்டற சத்தம் கேக்குதே, பட்டறை ஏதாவது இருக்கா?” வழக்கமாகப் பின்னணி இரைச்சலை அடக்கும் வசதியைக் கணினி போட்டே வைத்திருக்கும். எப்போதோ நான்தான் அதை அணைத்திருக்கிறேன். பெயரைச் சொன்னேன். ஆச்சரியப்பட்டு, தன் வீட்டுப் பின்னாலும் அதே மாதிரிச் சத்தம் வருகிறது, பல வருடமாக மோட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஒரு நிமிடப் பதிவை அனுப்பி, ‘இதுவும் அதுதானே?’ என்று கேட்டிருந்தார்.

மூன்று முறை கேட்டேன். ஒலிப் படமாக மாற்றியும் பார்த்தேன். அது மோட்டார்தான்.

‘நாளைக்கு மோட்டார் போடறதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து ஒரு தடவை பதிவு பண்ணிப் பாருங்க,’ என்று எழுதி அனுப்பினேன்.